கல்லாவுக்கும் கணக்குக்கும் நடுவே

நெய்யூர், திங்கள்சந்தை, இரணியல், குளச்சல் வட்டாரக் கடை உரிமையாளர்களுக்கும், கடைகளில் பில் போடுவோருக்கும், கணக்கு எழுதுவோருக்கும் ஒரு திறந்த மடல்

ஒரு பொருள் கைமாறி, அதற்கான பணமோ கடனோ உறுதியாகும்போது நடப்பது பரிவர்த்தனை. அதைப் பதிவது ஒரு வேலை. பதிந்தவற்றைக் கூட்டிப் பகுத்து, கேட்பவருக்கு வேண்டிய வடிவில் காட்டுவது வேறொரு வேலை. முதலாவதைப் பரிவர்த்தனைச் செயலாக்கம் என்றும், இரண்டாவதை அறிக்கையிடல் என்றும் வணிகவியல் நூல்கள் அழைக்கின்றன. நூல்களில் இவை அடுத்தடுத்த பாடங்கள். திங்கள்சந்தைக் கடைத்தெருவின் பல கடைகளிலோ இவ்விரண்டும் வேறு வேறு ஊர்களில் நடக்கின்றன. பில் கடையில் கிழிகிறது. மாதம் முடிந்ததும் பில்களெல்லாம் ஒரு துணிப்பையில் நாகர்கோவிலுக்கு, ஆடிட்டர் ஆபீசுக்குப் போகின்றன. அங்கே ஒருவர் அவற்றை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுகிறார். அதிலிருந்து ஜிஎஸ்டி தளத்துக்குக் கணக்கு போகிறது. கடைக்காரருக்குத் திரும்பி வருவது கட்ட வேண்டிய வரித்தொகை மட்டும். இப்படிக் கடையின் கணக்கு அரசுக்கு அறிக்கை தரும் கருவியாக மாறிவிட்டது. கடைக்கு அது எதையும் சொல்வதில்லை. அதே பதிவுகளைக் கொண்டு கடைக்கும் அறிக்கை தர முடியும், பெரும்பாலும் கூடுதல் செலவே இல்லாமல்.

ஒரு பதிவில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது கணினிக்கு நெடுங்காலம் முன்பே தீர்மானமான விஷயம். என்றைக்கு நடந்தது, யாருக்கும் யாருக்கும் இடையில், எது கைமாறியது, எவ்வளவுக்கு, அத்தாட்சி என்ன என்ற ஐந்தும் வேண்டும். அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தாரிடம் இருந்து கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடியெடுத்து வெளியே கொண்டுவந்த ஓலைகளில் நாஞ்சில் நாட்டின் நிலம், கடன், வரி பற்றிய ஆவணங்கள் இருக்கின்றன. நூற்றாண்டுகள் கழித்தும் அவற்றை வைத்து வரலாறு எழுத முடிகிறதென்றால், எழுதிய கணக்குப்பிள்ளைகள் இந்த ஐந்தையும் விடாமல் எழுதியதுதான் காரணம். இன்றைய ஜிஎஸ்டி பில்லும் இதே ஐந்தைத்தான் கேட்கிறது. யார் என்பதற்கு 15 எழுத்துகள் கொண்ட பதிவெண். தமிழ்நாட்டுக்காரரானால் அது 33இல் தொடங்கும், அடுத்த பத்து எழுத்துகள் அவருடைய பான் எண். எது என்பதற்குப் பொருளின் வகையைச் சொல்லும் எச்எஸ்என் குறியீடு. அத்தாட்சிக்குத் தொடர்ச்சியான பில் எண். அது 16 எழுத்துகளுக்கு மிகாமலும் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமலும் இருக்க வேண்டும். 200 ரூபாய்க்குக் குறைந்த சில்லறை விற்பனையில், வரிப்பதிவு இல்லாத வாடிக்கையாளர் பில் கேட்காவிட்டால் கொடுக்காமல் விடலாம். ஆனால் அன்று மாலை அத்தகைய விற்பனைகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு பில் போட்டாக வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பல கடைகள் மறந்துவிடுகின்றன.

வணிகக் கணக்குக்கென்று ஓடிய முதல் கணினி ஒரு டீக்கடை நிறுவனத்துக்குச் சொந்தமானது. பிரிட்டனில் ஊர் ஊராகத் தேநீர்க்கடை நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியை முன்மாதிரியாகக் கொண்டு லியோ என்ற கணினியைத் தானே கட்டிக்கொண்டது. 1951இல் அதில் முதலில் ஓடிய வழக்கமான வேலை, பேக்கரியில் செய்த பண்டங்களின் மதிப்பைக் கணக்கிடுவது. பிறகு கடைகளின் தினசரி ஆர்டரும் அதற்குள் வந்தது. அந்த ஏற்பாடு இன்றைக்கும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலையான பட்டியல் கணினியில் இருந்தது. கடைப் பொறுப்பாளர் பெண்மணி பிற்பகலில் தொலைபேசியில் சொல்ல வேண்டியதெல்லாம் அந்தப் பட்டியலில் மறுநாளுக்கு எது கூட, எது குறைய என்பது மட்டும். மாற்றங்கள் அட்டையில் துளையிடப்பட்டுக் கணினிக்குள் போகும். அந்த ஒரே பதிவிலிருந்து பேக்கரியில் எவ்வளவு சுட வேண்டும், எந்த லாரியில் எந்தக் கடையின் சரக்கு ஏற வேண்டும், அந்தக் கடையின் கணக்கில் எவ்வளவு பற்று என்பதெல்லாம் வெளிவந்தன. மேலாளருக்கான அறிக்கையும் அதிலிருந்தே வந்தது. வழக்கத்துக்கு மாறாக நடந்த கடைகள் அதில் தனியாகத் தெரிந்தன. ஒருமுறை எழுதியதை இன்னொருவர் மறுபடி எழுதுவது என்ற பேச்சே அங்கே இல்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தக் கணினியைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமான கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கையால் எழுதிய பில்லை மாதக் கடைசியில் வேறொருவர் மறுபடி தட்டச்சு செய்வது வேடிக்கைதான்.

பதிவுகளைச் செயலாக்குவதில் இரண்டு வழிகள் உண்டு. சேர்த்து வைத்து மொத்தமாகச் செய்வது ஒன்று, வந்த கையோடு முடிப்பது மற்றொன்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரியத்தார் மீட்டர் பார்த்துக் கட்டணம் போடுவது முதல் வகை. நெஃப்ட் பணப்பரிமாற்றமும் அதே வகைதான். 2019 டிசம்பர் 16 முதல் அது இரவும் பகலும் விடுமுறையின்றி நடந்தாலும், அரை மணிக்கு ஒரு தொகுப்பாக, நாளுக்கு 48 தொகுப்புகளாகத்தான் தீர்க்கப்படுகிறது. 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் அனுப்ப உதவும் ஆர்டிஜிஎஸ் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் தனித்தனியே உடனுக்குடன் தீர்ப்பது. காசோலை நெடுங்காலம் முதல் வகையில் இருந்தது. 2025 அக்டோபர் 4 முதல் வங்கிகள் காசோலைப் படிமங்களை பகல் வேளையில் தொடர்ச்சியாக அனுப்பித் தீர்க்கத் தொடங்கியுள்ளன. மொத்தமாகச் செய்வது மட்டமான முறை என்று எண்ண வேண்டியதில்லை. சம்பளமும் வட்டியும் அப்படிச் செய்வதே சரி. சரக்கு இருப்பும் கடன் பாக்கியும் அப்படி ஒதுக்கி வைக்கக் கூடியவை அல்ல. மாதக் கடைசிப் பையில் போகும் பில் ஒன்றில் பிழை இருந்தால் அது வெளிப்பட முப்பது நாற்பது நாள் ஆகும். அதற்குள் விற்றவருக்கும் நினைவிருக்காது, வாங்கியவருக்கும் நினைவிருக்காது.

உடனுக்குடன் செயலாக்கும் அமைப்பு ஒன்று நம்பத்தக்கதா என்பதைச் சோதிக்கக் கணினியியலில் நான்கு நிபந்தனைகள் சொல்வார்கள். அவற்றில் முதலாவது, நடந்தால் முழுதும் நடக்க வேண்டும், இல்லையேல் எதுவும் நடந்திருக்கக் கூடாது என்பது. நெய்யூர் சந்திப்புக் கடையில் ஒருவர் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து 250 ரூபாய் அனுப்பும்போது, செய்தி அவருடைய செயலியிலிருந்து தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்துக்குப் போகிறது. கழகம் அவருடைய வங்கியைப் பணம் எடுக்கச் சொல்லி, கடைக்காரரின் வங்கியை வரவு வைக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் விடை வந்தபின் முடிந்ததாக அறிவிக்கிறது. 2016இல் தொடங்கிய இந்த யுபிஐ அமைப்பு 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்களைக் கையாண்டது. நடுவில் எங்காவது இணைப்பு அறுந்தால் எடுத்த பணம் திரும்பியாக வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிப்படி, கடைக்குச் செலுத்திய பணம் உறுதியாகாமல் போனால் பரிமாற்ற நாளுக்குப் பின் ஐந்து நாள்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் வாடிக்கையாளருக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. எனவே கடைக்காரர் சரக்கைக் கொடுக்க நம்ப வேண்டியது தம் வங்கி அனுப்பும் செய்தியை, அல்லது அதைச் சொல்லும் ஒலிப்பெட்டியை. வாடிக்கையாளர் திருப்பிக் காட்டும் திரை அவர் பக்கத்துச் செய்தி மட்டும்தான். அதைப் போலியாக வரைந்து காட்டும் செயலிகளும் உலவுகின்றன. சந்தேகம் வந்தால் 12 இலக்கப் பரிமாற்ற எண்ணைக் கேட்டுத் தம் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு பரிவர்த்தனைகள் ஒன்றையொன்று கெடுக்கக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. இரயில்வே 1985இல் டெல்லியில் தொடங்கிய கணினி முன்பதிவுக்கு இதுதான் பெரிய சவால். இரணியல் நிலையக் கவுண்டரில் நிற்பவரும் சென்னையில் கைபேசியில் தேடுபவரும் ஒரே வண்டியின் கடைசிப் படுக்கையைக் கேட்டால், யாருடைய கோரிக்கை முதலில் எட்டியதோ அவருக்காக அமைப்பு அந்தப் பதிவைப் பூட்டிவிடுகிறது. மற்றவருக்குக் காத்திருப்புப் பட்டியல். இரண்டு பில் கவுண்டர் உள்ள மளிகைக் கடையிலும் இதே நிலைதான். கடைசி டின் தேங்காய் எண்ணெய்க்கு இரு கவுண்டரிலும் பில் போட முடிந்தால், இரண்டு கணினிகளும் ஒரே இருப்பைப் பார்க்கவில்லை என்று பொருள். மற்ற இரண்டு நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விதிக்கு மாறான பதிவு உள்ளே வரக் கூடாது. உள்ளே வந்து முடிந்த பதிவு மின்சாரம் போனாலும் அழியக் கூடாது.

விதிக்கு மாறான பதிவைத் தடுக்கும் வழிகளில் மிக அழகானது சோதனை இலக்கம். சோப்பு உறையிலிருக்கும் பார்கோடின் கீழே 13 இலக்கங்கள் இருக்கும். 890 என்று தொடங்கினால் அந்த நிறுவனம் இந்தியாவின் ஜிஎஸ்1 அமைப்பில் எண் வாங்கியது என்று அறியலாம். பொருள் இந்தியாவில்தான் செய்யப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது. முதல் 12 இலக்கங்களில் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை இடங்களில் இருப்பவற்றை ஒருமுறையும், இரட்டைப்படை இடங்களில் இருப்பவற்றை மும்மடங்காகவும் கூட்டி, அத்தொகையைப் பத்தின் மடங்காக்க இன்னும் எவ்வளவு வேண்டுமோ அதைப் பதின்மூன்றாவது இலக்கமாக வைக்கிறார்கள். 890123456789 என்ற எண்ணை எடுத்தால் ஒற்றை இடங்களின் கூட்டு 28, இரட்டை இடங்களின் கூட்டு 34, அதன் மும்மடங்கு 102, மொத்தம் 130. அது ஏற்கெனவே பத்தின் மடங்கு. சோதனை இலக்கம் பூஜ்யம். கையால் எண்ணை அடிக்கும்போது ஏதேனும் ஒரு இலக்கம் மாறினாலும் கணினி உடனே கண்டுபிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிபடும். அவ்விரண்டுக்கும் வித்தியாசம் சரியாக ஐந்தாக இருந்தால் மட்டும் தப்பிவிடும். ஜிஎஸ்டி பதிவெண்ணின் கடைசி எழுத்தும் இப்படிப்பட்ட காவல்தான்.

ஆனால் சோதனை இலக்கம் காக்க முடியாத இடம் ஒன்று உண்டு. அது பொருள் பட்டியல். பழக்கடையில் காலையில் பில் போடுபவர் ஏத்தன் என்று எழுதுகிறார், மாலையில் வருபவர் நேந்திரன் என்று எழுதுகிறார். பழம் ஒன்றுதான், கணினிக்கு அவை இரண்டு சரக்குகள். மாதக் கடைசியில் ஏத்தன் 40 கிலோ கூடுதலாக இருப்பதாகவும், நேந்திரன் 40 கிலோ குறைவாக இருப்பதாகவும் அறிக்கை வரும். வாடிக்கையாளர் பெயரிலும் இதே கதை. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் பற்று யார் தலையில் ஏறும் என்பது பில் போடுபவரின் ஞாபகத்தைப் பொறுத்தது. பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே ஒரு இடம், ஒரே ஒரு குறியீடு, புதிதாகச் சேர்க்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் என்று வைத்தால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி தீரும். மென்பொருள் விலையைப் பற்றி நடக்கும் விவாதத்தில் கால்பங்கு இந்தப் பட்டியலைப் பற்றி நடந்தால் நல்லது.

பட்டியலுக்கும் பதிவுக்கும் உள்ள வேறுபாட்டை 2025 செப்டம்பர் 22 எல்லாக் கடைகளுக்கும் காட்டியது. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜிஎஸ்டி அன்றிலிருந்து 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பொருள் பட்டியலில் வரிவீதத்தை ஓரிடத்தில் மாற்றினால் அன்று முதல் போடும் பில்கள் சரியாக வரும். செப்டம்பர் 21இல் போட்ட பில்லை மறுபடி எடுத்துப் பார்த்தால் அதில் 18 சதவீதமே இருக்க வேண்டும். ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள், பில் போடும் நேரத்து வரிவீதத்தையும் விலையையும் அந்தப் பில்லுக்குள்ளேயே நகலெடுத்து வைத்துவிடும். அப்படிச் செய்யாத மென்பொருளில் பட்டியலை மாற்றினால் பழைய பில்களும் சேர்ந்து மாறிவிடும். அத்தகையதைக் கடையில் வைத்திருப்பது ஆபத்து. ரப்பர் ஷீட் வாங்கும் வியாபாரிகளுக்கு விலை நாள்தோறும் மாறுவதால் இது அன்றாடப் பிரச்சினை. எடை, தரம், அன்றைய விலை மூன்றும் கொள்முதல் பதிவிலேயே உறைந்திருக்க வேண்டும்.

இனி அறிக்கையிடல். நெய்யூருக்கு இது புதிதன்று. 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே இங்கே தொடங்கிய லண்டன் மிஷன் மருத்துவப் பணி, ஆண்டறிக்கைகள் எழுதிய ஓர் அமைப்பு. நோயாளியின் பெயர் அன்றைய பதிவேட்டில் ஒரு வரி; ஆண்டறிக்கையில் அதே வரி ஓர் எண்ணிக்கைக்குள் கரைந்துவிடும். யாருக்காக எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து அதே பதிவு எவ்வளவு விரிய வேண்டும், எவ்வளவு சுருங்க வேண்டும் என்பது மாறுகிறது. கடைக்கும் அறிக்கை கேட்பவர்கள் பலர்.

அவர்களில் கண்டிப்பானது அரசு. மாதந்தோறும் கணக்குத் தரும் கடை, விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1ஐ அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தர வேண்டும். சரக்கு தந்தவர்கள் அப்படித் தந்த விவரங்களிலிருந்து, இந்தக் கடைக்கு எவ்வளவு உள்ளீட்டு வரி வரவாகும் என்ற 2பி அறிக்கையைத் தளம் 14ஆம் தேதி தானே உருவாக்குகிறது. 20ஆம் தேதிக்குள் 3பி என்ற சுருக்கக் கணக்கைத் தந்து வரி கட்ட வேண்டும். இந்த அமைப்பின் நுட்பம், ஒருவரின் விற்பனைப் பதிவு மற்றவரின் கொள்முதல் பதிவைச் சோதிக்கிறது என்பதில் இருக்கிறது. மொத்த வியாபாரி பதிவெண்ணைப் பிழையாக அடித்தால் சில்லறைக் கடைக்காரரின் வரவு காணாமல் போகும். அதை 14ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் இடையிலுள்ள ஆறு நாளில் கண்டுபிடிக்க வேண்டும். கொள்முதல் பில்கள் அதுவரை துணிப்பையில் இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

கேரளத்துக்குச் சரக்கு அனுப்புவோருக்கு இன்னொரு அறிக்கை உண்டு. களியக்காவிளை வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் காத்துக் கிடந்த வழக்கம் 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததோடு முடிந்தது. அதன் இடத்தில் 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் வந்தது. மாநில எல்லை தாண்டும் வரிக்குரிய சரக்கு 50,000 ரூபாய்க்கு மேலானால் அது வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் வரம்பு 1 லட்சம். வாழைக்குலை, தேங்காய் போன்றவற்றுக்கு வரியில்லை என்பதால் அவை இதில் சிக்குவதில்லை. ரப்பர் ஷீட் சிக்கும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், பிற நிறுவனங்களுக்குப் போடும் பில்லை 2023 ஆகஸ்ட் 1 முதல் முன்கூட்டியே அரசுத் தளத்தில் பதிந்து எண் பெற வேண்டியுள்ளது. இங்கே பரிவர்த்தனையும் அறிக்கையும் ஒரே செயலாகிவிட்டன. வங்கியில் ரொக்கக் கடன் வைத்திருப்போர் இருப்புச் சரக்கு விவரத்தையும் குறித்த காலங்களில் தர வேண்டும். பலர் அதைக் குத்துமதிப்பாக எழுதித் தருவது வங்கிக்கும் தெரிந்த ரகசியம்.

வாடிக்கையாளருக்குத் தரும் அறிக்கையை யாரும் அறிக்கையாக நினைப்பதில்லை. 2017 ஏப்ரல் 1 முதல் ரேஷன் கடைகளில் மின்னணு அட்டை வந்தபோது, வாங்கிய பொருளின் விவரம் அட்டைதாரரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போகும் ஏற்பாடும் வந்தது. அரிசி வாங்கியவருக்கு அரிசி என்று செய்தி வருகிறதா என்பதை அவரே பார்த்துவிடுகிறார். பற்று வைக்கும் கடையும் இதைச் செய்யலாம். மாதம் ஒருமுறை பாக்கித் தொகையை வாட்சப்பில் அனுப்பினால், ஆண்டுக் கடைசியில் வர வேண்டிய தகராறு அந்த மாதமே வந்து தீர்ந்துவிடும்.

கடைக்காரர் தமக்கென எடுத்துக்கொள்ளும் அறிக்கைகளில் முதன்மையானது அன்றாட ஒப்பீடு. ஒரு கடையில் அன்றைய பில் மொத்தம் 18,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் ரொக்கம் 9,150, யுபிஐ 6,250, பற்று 3,000. காலையில் கல்லாவில் சில்லறைக்காக வைத்தது 2,000. இறக்குக் கூலிக்கும் டீக்கும் எடுத்தது 650. இரவு கல்லாவில் 10,500 இருக்க வேண்டும். எண்ணும்போது 10,300 இருந்தால் 200 ரூபாயின் காரணம் அன்றைக்கே கிடைக்கக்கூடும்: ரொக்கம் என்று பதிந்த பில் ஒன்று உண்மையில் கைபேசியில் வந்திருக்கும். யுபிஐ பக்கம் பார்த்தால் 6,450 வந்திருக்கும், இரண்டும் நேராகும். பணம் சேகரிக்கும் செயலி நிறுவனங்கள் சில, அன்றைய தொகையை மறுநாள்தான் மொத்தமாக வங்கியில் போடும். அப்படியானால் ஒப்பிட வேண்டியது அச்செயலியின் பட்டியலோடு. வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் எந்த நாளும் நேராகாது. பத்து நிமிட வேலை இது. ஒரு கடை ஒரே ஓர் அறிக்கைதான் எடுக்க முடியும் என்றால் எடுக்க வேண்டியது இதுவே.

அடுத்தது பாக்கியின் வயது. மொத்தம் 3 லட்சம் ரூபாய் பற்று நிற்கிறது என்ற எண் எதையும் சொல்லாது. அதில் 30 நாளுக்குள் உள்ளது எவ்வளவு, 60 நாளைத் தாண்டியது எவ்வளவு, 90 நாளைத் தாண்டியது எவ்வளவு என்று பிரித்தால்தான் யாரிடம் இந்த வாரம் கேட்க வேண்டும் என்று தெரியும். மூன்றாவது, நகராத சரக்கு. 10,000 ரூபாய் முதல் போட்ட பொருளில் 20 சதவீத லாபம், ஆண்டுக்கு ஒருமுறை விற்றுத் தீர்கிறது, வரவு 2,000. அதே 10,000 ரூபாயை 5 சதவீத லாபமே தரும், ஆனால் மாதம் ஒருமுறை தீரும் பொருளில் போட்டால் ஆண்டுக்கு 6,000. லாப விகிதத்தை மட்டும் பார்ப்பவர்கள் முதலாவதைத்தான் நல்ல சரக்கு என்று அடுக்கி வைப்பார்கள். மருந்துக்கடைக்கும் பேக்கரிக்கும் இதோடு காலாவதித் தேதி அறிக்கையும் சேரும்.

மாதத்தை மாதத்தோடு ஒப்பிடும் அறிக்கையில் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. குமரி மாவட்டத்து வியாபாரம் ஓணத்தை ஒட்டி ஏறும். கேரளத்துக்குப் போகும் ஏத்தன்குலைக்கு அப்போதுதான் கிராக்கி. திருவோணம் 2023இல் ஆகஸ்ட் 29, 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5. 2024 ஆகஸ்டு விற்பனையை 2023 ஆகஸ்டோடு ஒப்பிட்டால் வியாபாரம் விழுந்துவிட்டது போலத் தோன்றும். செப்டம்பரை ஒப்பிட்டால் துள்ளி எழுந்தது போலத் தோன்றும். இரண்டும் பொய். ஆகஸ்டையும் செப்டம்பரையும் சேர்த்துக் கூட்டி ஒப்பிட வேண்டும், அல்லது திருவோணத்துக்கு முந்தைய முப்பது நாளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஈஸ்டரை ஒட்டிய துணி வியாபாரத்துக்கும் இதே கணக்கு. சென்னையிலோ பெங்களூரிலோ எழுதப்பட்ட மென்பொருளுக்கு இது தெரியாது; ஆடிட்டர் ஆபீசில் தட்டச்சு செய்பவர் கவனிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கடைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

பிழை வந்தால் திருத்தும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. பழைய பேரேட்டில் தவறான வரியைச் சுரண்டி அழிப்பதில்லை. எதிர்ப்பதிவு ஒன்று எழுதி நேர்செய்வார்கள். கணினியில் அழிப்பது எளிது என்பதாலேயே அங்கே கட்டுப்பாடு கூடுதலாக வேண்டும். பில் போட்டபின் சரக்கு திரும்பி வந்தால் அதற்கென வரவுக் குறிப்பு ஒன்று போட வேண்டும்; பில்லைத் திறந்து எண்ணை மாற்றக் கூடாது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களின் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்துவைக்கும் வசதியை அணைக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. தனிநபர் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வசதி இருந்தால் போட்டுவைப்பது நல்லது. பில் போடும் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் இருந்தால்தான் அந்தப் பதிவுக்குப் பொருள் உண்டு. எல்லாரும் முதலாளியின் பெயரிலேயே உள்ளே போகும் கடையில் எல்லாத் தவறையும் முதலாளியே செய்ததாகக் கணினி சொல்லும்.

மென்பொருள் எது என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வர வேண்டும். 1986இல் பெங்களூரில் கோயங்கா குடும்பத்தார் தொடங்கிய டேலி, கணக்குப்பதிவை மையமாகக் கொண்டது. ஆடிட்டர்கள் கைக்குப் பழகியது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்துள்ள சோஹோ போன்றவை இணையம் வழி இயங்குபவை. கடையிலும் ஆடிட்டர் ஆபீசிலும் ஒரே பதிவை ஒரே நேரத்தில் பார்க்கலாம். முன்னதில் தகவல் கடைக் கணினியில் இருக்கும், அதைக் காப்பது கடையின் பொறுப்பு. பின்னதில் இணையம் போனால் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வியாபாரம் நோட்டில்தான் நடந்தது. அப்படிப்பட்ட நாளுக்கென்று எண் அச்சிட்ட பில் புத்தகம் ஒன்று தனி வரிசையில் இருக்க வேண்டும். மின்சாரம் திரும்பியதும் அதே எண்களோடு கணினியில் ஏற்றிவிடலாம். நகல் ஒன்று கடைக்கு வெளியே, வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். கணினிக்குப் பக்கத்திலேயே செருகிக் கிடக்கும் பென்டிரைவ், கூரை ஒழுகினால் கணினியோடு சேர்ந்து நனையும்.

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டறிக்கை தர வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டில் மென்பொருள் மாறும், கணினியும் மாறும். மாற்றும்போது நிலுவைத் தொகைகளையும் சரக்கு இருப்பையும் புதியதில் ஏற்றினால் அன்றைய வியாபாரம் ஓடிவிடும். பழைய பில்கள் பழைய மென்பொருளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். எனவே புதிதாக ஒன்றை வாங்கும் நாளிலேயே விற்பவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. எல்லாப் பில்களையும் எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? சந்தாவை நிறுத்திய பிறகும் பழைய பில்களைத் திறந்து பார்க்க முடியுமா? பதிலை வாய்ச்சொல்லாக விடாமல் மாதிரிக்குப் பத்து பில் போட்டு, வெளியே எடுத்து, பில் எண்ணும் தேதியும் வரியும் தனித்தனிப் பத்தியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.